நலம் விசாரிக்க வந்த சர்க்கரைக் கூம்புகள்

ஆப்பிள் தோட்டக்காரர் பஸ்ஸுவுக்குச் சர்க்கரை நோய் என்ற சேதி மலையடிவாரம் முழுக்கப் பரவ ஒரு பகல்கூட ஆகவில்லை. மறுநாளே உறவுக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருவர் அக்குளிலும் நீலக் காகிதம் சுற்றிய, கல் மாதிரி இறுகிய ஒரு சர்க்கரைக் கூம்பு. நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடா போவது?

ஐம்பத்தாறு வயதுவரை பஸ்ஸு தன் உடம்பைப் பற்றி நினைத்ததே இல்லை. ஆப்பிள் மரங்களில் கிளை கழித்தால் தேநீர், பாத்திக்குத் தண்ணீர் திருப்பினால் தேநீர், நாளுக்குப் பதினைந்து தம்ளர், எல்லாம் பாகு மாதிரி. ஆறாத கால் புண்ணைக் காட்டப் போனபோதுதான் சுகாதார நிலைய நர்ஸ் இல்ஹாம் ரத்தத்தைச் சோதித்தாள்.

"ஒரு மாசம் இனிப்பைத் தொடாதீங்க சித்தப்பா. புண்ணு ஆறலேன்னா டவுன் ஆஸ்பத்திரிதான். விரலை எடுக்கணும்னாலும் எடுத்துடுவாங்க."

கால்விரல் போனால் அறுவடைக்கு ஏணி ஏறுவது எப்படி? பஸ்ஸுவை அரித்தது அந்தக் கவலைதான். ஆனால் வந்தவர் தந்த கூம்பை அவர் கண்ணெதிரே உடைத்துத் தேநீர் போட வேண்டும், வீட்டுக்காரன் கூடவே குடிக்க வேண்டும். மறுத்தால் விருந்தாளிக்கு அவமானம். இரண்டு நாளில் பதினோரு கூம்பு சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மனைவி இத்தோ தட்டில் இரண்டு கெண்டிகளை வைத்தாள். பெரியது விருந்தாளிக்கு, வழக்கமான பாகுத் தேநீர். சின்னது பஸ்ஸுவுக்கு; அதில் கசப்புத் தழை மட்டும், சர்க்கரை ஒரு பொட்டுகூட இல்லை.

வந்திருந்த பங்காளி ஹத்து முறைத்தான். "என்னய்யா, உனக்கு மட்டும் தனிச் சரக்கா?"

பஸ்ஸு தடுப்பதற்குள் தம்ளரைப் பிடுங்கி வாயில் ஊற்றிக்கொண்டான். "தூ! ஆட்டு மூத்திரம் தேவலாம்டா!"

"அதையும் குடிச்சுப் பாத்தாச்சா கொழுந்தனாரே?" என்றாள் இத்தோ.

சிரித்து ஓய்ந்தபின் ஹத்துவின் குரல் இறங்கியது. "ராத்திரியில நாலு வாட்டி எந்திரிக்கிறேன்டா. வாய் வறண்டுபோவுது. உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அப்படியேதான். நாளைக்கே நர்ஸைப் போய்ப் பாரு. வெக்கப்படாதே."

ஹத்து பெரிய கெண்டியை ஒதுக்கிவிட்டுத் தம்ளரை நீட்டினான். "அந்தக் கண்றாவியையே ஊத்து."

அதன்பிறகு வந்தவர்களுக்கு ஹத்துவே முந்திக்கொண்டு விளக்கம் சொன்னான். பஸ்ஸுவைக் கட்டாயப்படுத்த யாருக்கும் வாய் வரவில்லை.

மாதக் கடைசியில் இல்ஹாம் கட்டைப் பிரித்தாள். புண்ணின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகக் கூடியிருந்தன.

"ஏணி ஏறலாமா?"

"ஏறுங்க. வெறுங்காலோட ஏறினீங்கன்னா நானே இறக்கிவிடுவேன்."

வெளியே பெஞ்சில் ஹத்துவோடு இன்னும் நான்கு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்தம் சோதிக்க முறைக்குக் காத்திருந்தார்கள். "வலிக்குமாடா?" என்றான் ஒருவன். "அழுவே," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸு காலணி வாங்கச் சந்தைப் பக்கம் நடந்தார்.