மூசாவின் குதிகால்

காலை 10.40. ஆனையிறவு தாண்டிக் குடாநாட்டுக்குள் நுழைந்தோம். வாடகை வானை ஓட்டியவர் தவம் அண்ணை. பின் இருக்கையில் மூசா. மாலியில், நைஜர் ஆற்றங்கரையில் பிறந்த புளூஸ் கிற்றார்க்காரர்; நான் வாழும் பாரிஸில் பழக்கமானவர். ஆயுதக்காரர் இசையைத் தடைசெய்து கிற்றார்களை எரித்தபோது ஊரை விட்டு ஓடியவர். மறுநாள் நல்லூரில் அவருடைய கச்சேரி. ஏற்பாடு என்னுடையது.

வாசித்தாலும் சும்மா இருந்தாலும் மூசாவின் வலது குதிகால் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து அதைக் கேட்டு வந்த தவம் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, உந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வைச்சிருக்கச் சொல்லும்."

11.15. பளையில் வெறுந்தேநீர், ஒன்று ஐம்பது ரூபா. 11.40. முகமாலையருகே சில்லுக்குக் காற்றுப் போனது. தவம் அண்ணை வானுக்கு அடியில் புகுந்தார். புது இடத்தில் கச்சேரிக்கு முன் தனியே இருந்து ஒரு மெட்டு வாசித்து அந்த மண்ணிடம் அனுமதி கேட்பது மூசாவின் வழக்கம். கிற்றாரோடு இறங்கி என்னைப் பார்த்தார். "அந்தப் பனைகளுக்குள் போங்கள், நிழல் இருக்கும்" என்றேன். நான்தான் சொன்னேன்.

சற்று நேரத்தில் வாசிப்புக் கேட்டது. கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. தவம் அண்ணை வெளியே வந்தார்.

"ஆர் அவரை உள்ளுக்கு விட்டது? உது இன்னும் கண்ணிவெடி எடுக்காத காணியெல்லோ."

அப்போதுதான் சிவப்புக் கட்டைகளைக் கண்டேன். மண்டையோட்டுப் பலகை புல்லுக்குள் குப்புற விழுந்து கிடந்தது. நாற்பதடி உள்ளே மூசா. அவருடைய குதிகால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வருடம் பேசிய பிரெஞ்சில் எனக்கு ஒரு சொல் வரவில்லை.

"கத்தாதையும், பயந்து ஓடிடுவார். ஆறுதலாச் சொல்லும். போன அடியிலையே கால் வைச்சு வரட்டும்."

சொன்னேன். மெட்டு நின்றது. குதிகாலும் நின்றது. கிற்றாரை நெஞ்சோடு அணைத்து எழுந்து, தன் செருப்புத் தடத்தைத் தேடித் தேடி வந்தார். நடுவழியில் புல் மூடிய இடத்தில் தடம் தெரியவில்லை. ஒற்றைக் காலில் நின்றார். நான் தவம் அண்ணையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் கண்ணை மூடிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

திறந்தபோது மூசா தார் வீதியில் இருந்தார். "எங்கள் ஊரிலும் புதைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நல்லூரில் ஒன்றரை மணி நேரம் அருமையாக வாசித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் ஒருதரமும் அசையவில்லை.

அடுத்த நாள் திரும்பினோம். முகமாலையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஆனையிறவில் இருபுறமும் தண்ணீர் தெரிந்ததும் தவம் அண்ணை வானொலியை நிறுத்தினார்.

"தம்பி, தட்டுறாரோ?"

திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் இல்லை, அண்ணை."

வவுனியா வரை அவர் வானொலியைப் போடவில்லை.