காவலர் கைகாட்டும் மீன் கடை

விடுதிக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கிவைத்ததும் வாசல் காவலரிடம் முதலில் கேட்பது, "நல்ல மீன் சாப்பாடு எங்கண்ணே கிடைக்கும்?" என்பதுதான். எதிரிலேயே கடலைப் பார்த்தபடி பெரிய உணவகங்கள் நாலைந்து உண்டு. அவர் கை மட்டும் படகுத்துறைப் பக்கம் நீளும்.

"ஐஸ் ஃபேக்டரி தாண்டி நீலக் கதவு. பார்த்தா கடை மாதிரியே இருக்காது. சாப்பிட்டுட்டு வந்து பேசுங்க."

அது அவர் மனைவியின் கடை. நாலு வருஷத்துக்கு முன்பு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசியடித்தார். சாயங்காலம் அவருடைய சட்டைகளை மடித்துவைத்த பை வாசலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து விடுதியின் பின்னறைதான் வீடு. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யாரிடமும் அவள் பேச்சை எடுப்பதுமில்லை.

சாப்பிட்டுத் திரும்புகிறவர்களிடம் மட்டும் பட்டும் படாமல் விசாரிப்பார். காரம் தூக்கல் என்றால் அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று கணக்கு. மீன் கருகியிருந்தது என்றால் உடம்புக்கு முடியவில்லை. போன வாரம் ஒரு புதுமணத் தம்பதி, "குழம்பு அவ்வளவு பதம்ண்ணே, வீட்ல சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்கள். அவள் மனசு இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுப்படியில் முன்பின் தெரியாத ஒருத்தி நின்றாள். கல்லாவில் கொழுந்தியாள்.

"வாங்க மாமா. பொண்ணு பார்க்க வந்த மாதிரி வந்திருக்கீங்க."

"உங்க அக்கா எங்க?"

"உள்ள படுத்திருக்கா. ஒரு பக்கம் கை கால் விழுந்து வருஷம் ஒண்ணாச்சு. இப்ப சமையலெல்லாம் இவங்கதான்."

ஒரு வருஷமாக யாரோ ஒருத்தியின் கைப்பக்குவத்தில் பெண்டாட்டியின் மனசைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"சொன்னா என் வாயைக் கிழிச்சிருவேன்னு அக்கா சொல்லிட்டா. பேச்சு குழறுது, அது மட்டும் தெளிவா வந்துச்சு."

தட்டு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமா?"

கொழுந்தியாள் உள்ளே போனாள். பேச்சு கேட்டது, கொழுந்தியாள் குரல் மட்டும். திரும்பி வந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"மீன் ஆறுது மாமா. சாப்பிடுங்க."

ஒரு விள்ளல் பிட்டு வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.