மரமா, இரும்பா... அப்புறம்?

பிளேடு விற்கிற பிழைப்பில் நிம்மதி என்பதே கிடையாது: விற்ற பிளேடு உடைந்தால் ஆள் சண்டைக்கு வருவார், உடையாவிட்டால் ஆளே வரமாட்டார்.

துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கால் கடுக்கிற என் சொந்தங்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவது? காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் மெஷின் பகுதி என்னுடையது. பெட்டியில் 'ரெசிப்ரோகேட்டிங் சா' என்று நீளமாகப் போட்டிருக்கும் மெஷினுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல கிராக்கி. பழைய வீடு பிரிக்கிறவர்கள், பைப் வேலைக்காரர்கள், தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். பெயர் வாயில் நுழையாததால் "அந்த முன்ன பின்ன போற ரம்பம்" என்று கேட்பார்கள். விசையை அழுத்தினால் மூக்கில் மாட்டியிருக்கும் ஒரு சாண் பிளேடு முன்னும் பின்னும் பாயும். மெஷின் ஒருதரம் வாங்குவதோடு சரி. சண்டையெல்லாம் பிளேடில்தான்.

விதவிதமாகப் பிளேடு எடுத்துப் போடச் சொல்லி முதலாளியை அரித்தது நான். போட்டார். போட்ட வாரத்திலிருந்து யாராவது ஒருவர் வீணாய்ப்போன பிளேடைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "தை பொறக்குறதுக்குள்ள இந்தப் பஞ்சாயத்து நிக்கணும். நிக்கலைன்னா பிளேடையெல்லாம் கம்பெனிக்கே திருப்பிவிட்டுட்டு, உன்னைய குன்றக்குடிக் கிளைக்குப் பெயிண்டு கலக்க அனுப்பிருவேன்" என்றார். பெயிண்டு வாடை பட்டாலே எனக்கு இழுப்பு வரும். அது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து நான் ஸ்டூலில் உட்காரவில்லை. வாசலில் பைக் வந்து நின்றால் ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

கம்பி தின்ற வேம்பு

அதன்பிறகு முதலில் வந்தவர் ஒக்கூர் விவசாயி. மரத்துக்கான பெரும்பல் பிளேடு வாங்கிப் போனவர், மறுநாளே மொட்டைப் பிளேடோடு வந்தார். எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டே வளர்ந்தவன், யார் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்கத்தான் வரும்.

"என்னத்தை அறுத்தீக?"

"வேலியோரம் நின்ன வேப்பமரம். வேற ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

"கொப்பையெல்லாம் கழிச்சுட்டு அடிமரத்துக்கு வந்தேன்."

"அப்புறம்?"

"சடசடன்னு ஒரு சத்தம். மெஷின் சத்தம்னு நெனச்சு இன்னும் அமுக்கிப் பிடிச்சேன்."

"அப்புறம்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கல்லுக்கால் ஊன்றச் சோம்பல்பட்டு எப்போதோ முள்கம்பியை அந்த மரத்திலேயே சுற்றி விட்டிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே போய்விட்டது. வெறும் மரத்துக்கான பிளேடு கம்பியைத் தொட்டால் அதோடு சரி. ஆணியும் கம்பியும் கலந்த மரத்துக்கென்று 'பைமெட்டல்' பிளேடு இருக்கிறது, முதுகு வளைந்து கொடுக்கும், பல் மட்டும் தனியாகக் கெட்டி உருக்கு என்று எடுத்துக் காட்டினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் விட்டுக்கொடுக்க மனசில்லை. படியிறங்கியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மரத்துக்குள்ள போயிருச்சுன்னா கம்பியும் மரந்தானே தம்பி?"

மூணு பல்

அடுத்தவர் பிளம்பர். வயசாளி. தகரக் கூரையை வெட்டப் பெரும்பல் பிளேடைப் போட்டிருக்கிறார். தகரம் பல்லிடுக்கில் மாட்டிப் பல் கொட்டிவிட்டது. 'அப்புறம்' கேட்கவே வேலையில்லை. அறுக்கிற பொருளின் கனத்துக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் மெல்லிசுத் தகரத்துக்குப் பொடிப்பல், கனத்த இரும்புக்குக் கொஞ்சம் பெரிய பல், மரத்துக்கு அதைவிடப் பெரிசு என்று ஒரு பிளேடையும் ஒரு தகரத் துண்டையும் ஒட்டிவைத்துக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து வாயை அகலமாகத் திறந்து எனக்குக் காட்டினார். பிறகு சொன்னார்: "எனக்கு மொத்தமே மூணுதான் இருக்கு. நாங்க என்ன கறி திங்காமயா இருக்கோம்?"

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் தேவகோட்டை ரோட்டில் மரப்பட்டறை நடத்துகிற அக்கா வந்தார். கணவர் பிள்ளைகளுக்கு இணையாக மெஷின் பிடிப்பவர். கையில் ஒரு கட்டுப் பிளேடு. புதுசு. அத்தனையிலும் செம்மண் பூசியது மாதிரி துரு. கல்லாவில் முதலாளி கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பூஜைக்கு உறையைப் பிரித்தீர்களா என்றேன். "பின்ன, உறையோடவா சாமி கும்பிடுவாக?" அப்புறம்? ஒவ்வொரு பல்வரிசைக்கும் குழைத்த சந்தனம், குங்குமம். அப்புறம்? பூஜை போட்ட சாமானை உடனே துடைக்கக் கூடாதென்று அப்படியே ஈரத்தோடு அடுக்கி வைத்துவிட்டார்கள்.

கம்பெனிமேல் தப்பில்லை அக்கா, ஈரம் பட்டால் எந்த இரும்பும் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய்த் துணி காட்டினால் மேல்துரு போய்விடும், அடுத்த வருஷம் பொட்டை உறைமேல் வையுங்கள் என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அக்கா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பொட்டு வச்சாத் துருப்பிடிக்கும்னா, எனக்கு இந்நேரம் மண்டையே கழண்டு விழுந்திருக்கணுமேடா!"

அரம்

தச்சு ஆசாரி ஒருவர் பைமெட்டல் பிளேடு வாங்கிப் போயிருந்தார். நல்ல கைகாரர், கைரம்பத்துக்குச் சாணை தீட்டிப் பழகியவர். பிளேடு லேசாக மழுங்கியதும், புதுசு மாற்றாமல் அரத்தை எடுத்துப் பல் பல்லாக ராவ உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் முழுக்க. கடைக்கு வந்தபோது கட்டைவிரலில் பிளாஸ்திரி. போச்சு, குன்றக்குடிதான் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "பிளேடு அப்படியேதான் இருக்கு தம்பி, அரந்தான் மொட்டையாப் போச்சு. வேற அரம் வச்சிருக்கியா?"

பிரிக்கிற வீடு

மார்கழி பிறந்துவிட்டது. பஞ்சாயத்து குறைந்திருந்தது, நிற்கவில்லை. அப்போதுதான் ஜமால் பாய் வந்தார். சவுதியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, பழைய வீடுகளைப் பிரித்துச் சாமான் எடுக்கிற காண்டிராக்டில் இறங்கியவர். நிலையும் கதவும் கீறல் விழாமல் கழன்றால்தான் அவருக்குக் காசு. வந்த வேகத்திலேயே கவுண்டரைத் தட்டினார்.

"எல்லாத்தையும் அறுக்குற மாதிரி ஒரே பிளேடு குடு தம்பி. இல்லைன்னாச் சொல்லிரு, நான் மதுரையில பாத்துக்கிறேன்."

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து நின்றார்.

"எதெதை அறுக்கணும் பாய்?"

"தேக்கு உத்தரம். எல்லாமே மரந்தான்."

"அப்புறம்?"

"நிலையைச் சுவத்தோட பிடிச்சிருக்கே, அந்த இரும்புப் பட்டை. அதை உள்ளாற விட்டு அறுக்கணும்."

"அப்புறம்?"

"பின்கட்டுல ஒரு கனத்த இரும்பு கர்டரு."

"அப்புறம்?"

"என்னப்பா இது, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரி இருக்கு!"

மூன்று தினுசு எடுத்து வைத்தேன். உத்தரத்துக்கு ஆணிக்குப் பயப்படாத பைமெட்டல். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய, வளைந்து கொடுக்கிற நீளப் பிளேடு, பொடிப்பல். கர்டருக்கு மட்டும் பல்லில் இரும்பையும் மீறிக் கெட்டியான கார்பைடு வைத்தது. சுண்ணாம்புக் காரையில் பல் படக்கூடாது, இரும்பைவிட அதுதான் பல்லைத் தின்னும், முதலில் உளியால் கொத்திவிடுங்கள் என்றேன். இரும்பில் முழு வேகம் வேண்டாம், பல் சூடேறிச் செத்துப்போகும். மெஷினின் மூக்கை வேலைமேல் அழுத்திப் பிடிக்கணும், ஆடவிட்டால் பிளேடு முறியும். முதலாளி என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நான் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. பாய் மாற்றுக்கு ஒவ்வொன்றிலும் இன்னொன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பைக்கில் ஏறிச் சொன்னார்: "ஒண்ணு ஒடைஞ்சாலும் ஒன்னையத்தான் வந்து பாப்பேன்!"

கையில் பிளேடு

அதற்கப்புறம் நான் பட்ட பாடு. போன் அடித்தால் துள்ளுவேன். அடிக்காவிட்டால் போன் கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்ப்பேன். அடுக்கிய பெட்டிகளையே திரும்பத் திரும்ப அடுக்கினேன். குன்றக்குடி பஸ் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகிக்கு முந்தின நாள் பாயின் பைக் வந்து நின்றது. வழக்கம்போல் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் பிளேடு.

அதைக் கவுண்டரில் வைத்தார். முதலாளி ஓடிவந்தார். பெயிண்டெல்லாம் உரிந்து, எழுத்து அழிந்து, தேய்ந்து வெளுத்த கார்பைடு பிளேடு. விரலை வைத்துத் தடவினேன். ஒரு பல்லும் கொட்டவில்லை. "வீடு முடிஞ்சுச்சு. நிலையில ஒரு சிராய்ப்பு இல்லை. மத்தது ரெண்டும் கொஞ்சந்தான் தேஞ்சிருக்கு, மாத்துக்கு வாங்குனதை இன்னும் பிரிக்கவே இல்லை. காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். முதலாளி முகம் மலர்ந்து, அடுத்த வீட்டுக்கு எத்தனை போடட்டும் பாய் என்று பெட்டியை இழுத்தார். பாய் பிளேடை எடுத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "இதே ஓடுதே, வேற எதுக்கு? ஒரு சோடி கையுறை மட்டும் குடுங்க."

அவர் போனதும் கடை அமைதியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஒக்கூர்க்காரர் வரவில்லை, பிளம்பர் வரவில்லை, அக்கா வரவில்லை, ஆசாரி அரம் வாங்கியதோடு சரி. பஞ்சாயத்து நின்றுவிட்டது. முதலாளி அலமாரியில் அசையாமல் இருந்த பிளேடுப் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "காரைக்குடியில இனி எவன் பிளேடும் ஒடையாது போலருக்கு. பொங்கல் கழிச்சு நீ குன்றக்குடிக்குக் கெளம்பு, அங்குட்டு உள்ளவுகளுக்கு வித்துட்டு வா" என்றார்.

ஆக, உடைகிற பிளேடு விற்றிருந்தாலும் குன்றக்குடிதான், உடையாத பிளேடு விற்றதற்கும் குன்றக்குடிதான், பெயிண்டு டப்பாவுக்குப் பதிலாக மடியில் பிளேடுப் பெட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன் என்பதுதான் நான் கண்ட மிச்சம்.