புதன்கிழமை மாத்திரை

கண்ணை மூடிக் கையை நீட்டியிருந்தேன். “பஞ்சு பட்டதும் சொல்லுங்க” என்றார் டாக்டர். காத்திருந்தேன்.

“நீங்க இன்னும் தொடவே இல்லையே.”

கண்ணைத் திறந்தால், முழங்கைக்கு மேலே தேமல் என்று நான் நினைத்திருந்த இடத்தில் பஞ்சு இருந்தது. “மூணு தடவை தொட்டுட்டேம்மா” என்றார் மெதுவாக.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரிலிருந்து புதன்கிழமைதோறும் அவர் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து தொழுநோய்க்கு மருந்து கொடுப்பார். பக்கத்து ஊரில் எங்களுக்கு நிலம் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் சம்பளமில்லாமல் அவருக்கு உதவினேன். மாத்திரைக்கு வராதவர்களை வீடு தேடிப் போய் அழைத்துவருவது என் வேலை. அன்று, உதவிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சோதனை எப்படிச் செய்வதென்று காட்டத்தான் என் கையைக் கேட்டார்.

தொழுநோய்தான். டாப்சோன் (கிருமியை அடக்கும் மாத்திரை) வாரம் ஒருமுறை, சில வருடங்களுக்கு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எத்தனையோ வாசல்களில் சொன்னவள் நான். என் வீட்டில் நான்கு நாள் வாய் திறக்கவில்லை. என் தட்டை மட்டும் தனியாகக் கழுவி, தனியாக வைத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், தட்டு ஏன் தனியாக என்று கணவர் கேட்டுவிட்டார். சொன்னேன்.

“இந்த நோய்க்காரங்ககிட்ட நீ என்ன சொல்லுவ?” என்றார்.

“மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்னு.”

“அது பொய்யா?”

“இல்ல.”

“அப்ப தட்டை இங்கன கொண்டா. சோறு ஆறுது.”

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அவர் பார்க்காததுபோல் குழம்பு ஊற்றினார்.

அடுத்த புதன்கிழமை, விஷயம் கேள்விப்பட்டு, தீப்பெட்டி ஒட்டும் கருப்பாயி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். மாத்திரையை விட்டுவிடுகிறாள் என்று நான் பலமுறை கடிந்துகொண்டவள். “எங்ககிட்டருந்தா தாயி ஒட்டிக்கிருச்சு?” என்றாள்.

எங்கே, எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, வெளியே தெரியவே வருடங்கள் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். அவள் மனம் ஆறவில்லை. தன் மாத்திரையை விழுங்கிவிட்டு என் முன்னால் நின்றாள்.

“நீங்களும் போடுங்க. பாத்துட்டுத்தான் போவேன்.”

அன்றுமுதல் அவள் ஒரு வாரமும் தவறவில்லை. என்னையும் தவறவிடவில்லை.

தோலின் நிறம் திரும்ப மூன்று வருடமானது. உணர்ச்சி முழுதும் திரும்பவில்லை. அந்தக் கையின் சுண்டுவிரல் இன்றும் மரத்தே இருக்கிறது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிகிச்சை எத்தனை நாள் என்று எண்ணிப் பயப்படாதீர்கள். எனக்கு அடுத்த புதன்கிழமைக்கு அப்பால் காலமே இல்லாமல் போனது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

முன்பு என் உடம்பை நான் கவனித்ததே இல்லை. இப்போது அடுப்பைவிட்டு எழுந்ததும், சூடு பட்டிருக்கிறதா என்று விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்கிற அதே பொறுமையோடு.