இரண்டாவது பொட்டலம்

கடவுள் உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறாரா? ஊருக்குப் பொதுவாகச் சொல்கிற பதிலைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு, உங்கள் கையிலேயே கொண்டுவந்து வைத்த பதில். எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்பது வயதில், இதே ரங்கூனில், அலோன் படகுத்துறைக்குப் பின்னால் கூலிக்காரர்கள் கட்டிவைத்த தகரக் கொட்டகை அம்மன் கோயிலில். பக்திமான்கள் அவசரப்பட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பக்தி என்றால் அது அக்காதான். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், அப்பா குளித்ததும் திருநீறு பூசுவார், அத்தோடு சரி. அவர்களுக்கும் கடவுளுக்கும் இருந்தது தெருவில் எதிர்ப்பட்டால் தலையாட்டிக்கொள்கிற பழக்கம். அக்காவின் கதை வேறு. அவளுக்குப் பதினாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது முடித்திருந்தாள். அங்கே அவர்கள் தங்கள் சாமியோடு பழகச் சொல்லிக்கொடுத்த முறை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சாமி பிடிக்கவில்லை, முறை பிடித்தது. அந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து நம் அம்மனிடம் நடத்தினாள்.

"தினமும் கொஞ்சம் படிக்கணும். படிச்சதை யோசிக்கணும். அப்புறம் ஆத்தாகிட்டப் பேசணும், சிநேகிதிகிட்டப் பேசற மாதிரி." இதுதான் அவள் மதம். அந்த மதத்தில் இரண்டே பேர் இருந்தோம்.

காலையில் ஜன்னலோரம் ஒரு பழைய தோத்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. பதம் பிரித்து அர்த்தம் சொல்லும்வரை எனக்குப் பலகாரம் கிடையாது. கீழே தெருவில் பர்மாக்காரி மொஹிங்கா விற்பாள். அந்த மீன்குழம்பு வாசனை மாடியேறி வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். நான் 'வினை' என்றால் என்ன என்று முழித்துக்கொண்டிருப்பேன்.

"அர்த்தம் தெரியாமப் பாடினா ஆத்தாவுக்குக் கொட்டாவி வரும்டா" என்பாள் அக்கா.

இன்னொரு சட்டமும் இருந்தது. எதையும் கேட்கக் கூடாது. "கேக்கற கூட்டம்தான் கோயில் கொள்ளாம நிக்குதே. நீயும் எதுக்கு? நீ சும்மா பேசு." நான் பேசினேன். டிராமில் பேசினேன், வகுப்பில் பேசினேன், குளிக்கும்போது பேசினேன். கணக்கில் முட்டை வாங்கியதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் என் பம்பரத்தை எடுத்துக்கொண்டு இல்லை என்று சாதித்ததைச் சொன்னேன். பதில் வராது. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பிடரியில் ஒரு கதகதப்பு இருக்கும். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே இருந்தது. கல்லூரியில் தத்துவம் படிக்கிற ஜாம்பவான்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். கிடக்கட்டும்.

இப்போது மாமா. அம்மாவின் தம்பி. படகுத்துறையில் மூட்டை இறக்குகிற கூலிகளுக்கெல்லாம் மேஸ்திரி. அப்பாவுக்கு அங்கே மூட்டை எண்ணுகிற வேலை வாங்கிக்கொடுத்தவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. முந்தின மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் மனைவி இறந்துபோனாள். பிள்ளை கிடையாது. காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டுக்குப் பழமும் கையுமாக வர ஆரம்பித்தார். தாய்மாமன், முறைதானே என்று கூலிகள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். வயசு வித்தியாசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்காவுக்கு வேறு யோசனை இருந்தது. படித்த பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரம்மா பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அங்கிருந்த தலைமை அம்மாள் சொல்லியிருந்தாள்.

"என்ன புள்ள, ஸயாமா ஆகப் போறியாமே?" என்று ஒருநாள் ஆரம்பித்தார் மாமா. வாத்தியாரம்மாவைப் பர்மாக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஊரான் புள்ளைக்கு மூக்குச் சிந்திவிடறதுக்கு எனக்குச் சோறாக்கிப் போடலாம்."

"சோறாக்க ஆள் வெச்சுக்குங்க மாமா. சம்பளம் குடுத்தா யாரும் வருவாங்க."

"வாயை மூடுடி" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். சிரிக்கும்போது அக்காவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா வெற்றிலையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

இப்படியே தினம் ஒரு பேச்சு. அம்மா அழுவாள், அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போவார். கடைசியில் ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது அக்கா எழுந்து நின்றாள்.

"நீங்க யார் சொல்லியும் நான் கேக்க மாட்டேன். ஆத்தாவைக் கேப்போம். பூக்கட்டிப் பாப்போம். அவ சொன்னா மறுபேச்சு இல்லாம மாமாவைக் கட்டிக்கிறேன்."

எதையும் கேட்காதே என்று எனக்குப் பாடம் நடத்தியவள், முதல்தடவையாக ஒன்று கேட்டாள். அவளுக்குப் பயம் இல்லை. அத்தனை நாள் பேசிப் பழகிய சிநேகிதி கைவிடுவாளா?

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் சுற்றி நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அக்கா பள்ளிக்கூடம் போவாள். சிவப்பு வந்தால் கல்யாணம்.

"எங்க தம்பிதான் எடுக்கணும்" என்றாள் அக்கா.

"எடுக்கட்டுமே. என் மாப்ளே கை, நல்ல கை" என்று மாமா என் தலையைத் தடவினார். "ஆனா ஒண்ணு. பொட்டலத்தை நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது. பூசை பண்ற பண்டாரமே கட்டட்டும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது பாருங்க."

என்ன யோக்கியம் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோயில் கூரைக்குத் தகரம் போட்டுக்கொடுத்தது யார், பண்டாரத்துக்கு மாதம் பிறந்தால் அரிசி அனுப்புவது யார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. சாமி விஷயத்தில் மனிதர்கள் கையை வைப்பார்கள் என்று அவள் படித்த பாட்டு எதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து சம்பான் படகில் பூ கொண்டுவருகிற பர்மாக்காரியிடம் அக்காவே ஒரு முழம் மல்லிகையும் ஒரு கை செவ்வரளியும் வாங்கினாள். கோயிலுக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மல்லி வாசம் உனக்குத் தெரியும். மோந்து பாத்து எடுத்துறாதே."

"எடுத்தா நீ ஸயாமா ஆகலாம்ல?"

"அது உன் கை எடுத்ததா ஆயிரும். அவ எடுத்ததா ஆகாது. கண்ணை மூடிக்கோ. மூச்சைப் பிடிச்சுக்கோ. கையை அவகிட்டக் குடுத்துரு."

பண்டாரம் பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பொட்டலங்களோடு திரும்பி வந்தார். கற்பூரம் காட்டினார். மாமா பயபக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நான் குனிந்தேன். எனக்கு அக்கா வேண்டும். மாமா வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரே ஒரு இழுப்புப் போதும், மல்லிகை எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், மொஹிங்காவை மாடியிலிருந்து மோப்பம் பிடிக்கிற மூக்கு இது. மூக்கு நுனியில் ஆசை வந்து நின்றது. ஆனால் ஆத்தாவை ஏமாற்ற முடியுமா? தினம் பேசுகிறவளை? மூச்சைப் பிடித்தேன். காது அடைத்தது. கையை அவளிடம் கொடுத்தேன். கை போய் ஒன்றை எடுத்தது.

பண்டாரம் பிரித்தார். சிவப்பு.

அம்மா குலவையிட்டாள். அப்பா மேலே தகரத்தைப் பார்த்தார். அக்கா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. "சரி" என்றாள். சத்தியமாக, அவ்வளவுதான் சொன்னாள்.

எல்லோரும் திருநீறுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இதை ஆத்துல விட்டுட்டு வா ராசா." எடுக்காத பூவை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், பிரிக்கக் கூடாது என்பது வழக்கம்.

மாமா சட்டென்று திரும்பினார். "குடு மாப்ளே, நான் போடறேன்."

"சின்னப் புள்ள கைதானே போடணும்" என்றாள் அம்மா. அவளுக்கு அவள் சாஸ்திரம்.

"பிரிச்சுப் பாத்தா கண்ணு அவிஞ்சுரும், தெரியுமில்ல?" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

படகுத்துறை ஓரம் போய் நின்றேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவுக்குப் படிப்புதான் இல்லை என்றாகிவிட்டது, அந்த வெள்ளைப் பூவையாவது அவளுக்குக் கொடுக்கலாமே, தலையில் வைத்துக்கொள்ளட்டுமே. கண் போனால் ஒரு கண்ணோடு போகட்டும் என்று இடது கண்ணை மட்டும் திறந்துகொண்டு நாரை அவிழ்த்தேன்.

உள்ளே செவ்வரளி.

என் ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அக்கா கொடுத்த மல்லிகை எங்கே? புரிந்துவிட்டது. ஆத்தா மாற்றிவிட்டாள். நான் எதை எடுத்தாலும் ஒரே பதில் வரட்டும் என்று வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள். அற்புதம், என் கைக்குள் நடந்த அற்புதம். இத்தனை நாள் பதில் சொல்லாதவள் இப்போது இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் பூவை என் பலப்பப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பிரித்தது தப்பு என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பக்தி எகிறியது. பலகாரத்துக்காகப் படித்தவன் பலகாரத்தை மறந்து படித்தேன். அக்கா கல்யாண வேலையில் ஜன்னலோரம் வருவதை நிறுத்திவிட்டாள், நான் தனியாகவே உட்கார்ந்து பதம் பிரித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவுக்கு மருதாணி வைத்துவிட்டு, காயட்டும் என்று தனியாக உட்கார வைத்திருந்தார்கள். முகம் சோர்ந்திருந்தது. ஆத்தாவின் மேல் வருத்தமாக இருக்கிறாள் போலும், உண்மையைச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"அக்கா, இது அந்தப் பொட்டலத்துல இருந்தது. ஆத்தா வெள்ளையைச் சிவப்பா மாத்திட்டா. நான் பிரிச்சுப் பாத்தேன், கண்ணும் போகலை."

அவள் பூவைப் பார்த்தாள். இரண்டு கையும் மருதாணி, தொட முடியாது.

"மூக்குக்கிட்டக் கொண்டா" என்றாள்.

கொண்டுபோனேன். காய்ந்த பூ. மோந்து பார்த்தாள்.

"யார்கிட்டயும் காட்டினியா?"

"இல்ல."

"காட்டாதே." பிறகு கேட்டாள். "அன்னைக்கு நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தானே எடுத்தே?"

"பிடிச்சுக்கிட்டேன்க்கா. சத்தியமா."

"நல்ல புள்ள."

அவள் அழுதாள். துடைத்துக்கொள்ளக் கை இல்லை, நான்தான் என் சட்டையால் துடைத்துவிட்டேன். அற்புதத்தைப் பார்த்துப் பரவசத்தில் அழுகிறாள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

பதினைந்து வயதுவரை அந்தப் பெருமையோடு திரிந்தேன். ஒருநாள் டிராமில் போய்க்கொண்டிருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், மண்டையில் உறைத்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன். மோந்து பார்த்திருந்தால் மல்லிகையே அங்கே இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். திருட்டுத்தனம் செய்ய நினைக்கிற எந்தப் பயலும் கண்டுபிடித்திருப்பான். நான் யோக்கியனாகப் போய்த் தொலைந்தேன்.

போன வருஷம்தான் அக்காவிடம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்ச பிறகும் ஏன்க்கா சும்மா இருந்தே? கத்தியிருக்கலாமே. அந்தப் பண்டாரத்தை நாலு பேர் முன்னாடி இழுத்து நிறுத்தியிருக்கலாமே."

"அப்பா வேலை என்ன ஆகும்?" என்றாள். அது தெரிந்த பதில். கொஞ்சம் கீரையை உருவிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "அதை விடு. பண்டாரத்துக்கு அரிசி வேணும். உங்க மாமாவுக்கு நான் வேணும். அவங்க செஞ்சாங்க. ரெண்டும் சிவப்பா அவ காலடியிலதானேடா கிடந்துச்சு. ஒண்ணை வெள்ளையா மாத்த அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

பரீட்சை நேரத்தில் இன்னும் என்னையறியாமல் 'ஆத்தா, இதைக் கொஞ்சம் பாரு' என்று பேசிவிடுகிறேன், பிடரியில் அந்தக் கதகதப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மாமா இப்போது காண்ட்ராக்டர். நகரத்து நடுவில், கியாக்டடாவில் மாடி வீடு. கல்லூரி பக்கம் என்று நானும் இங்கேதான் தங்கியிருக்கிறேன். அக்கா சமையலறையில் இருக்கிறாள். இன்று வெள்ளிக்கிழமை. மாமா கோயிலுக்குப் போயிருக்கிறார்.