வழியில் மறிக்க வேண்டிய கடிதம்

பணி ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும், காலை பத்து மணியானால் தபால்காரருக்குக் கால் பரபரக்கும். கடைசி நாள்வரை தான் மிதித்த பதினோரு தெருக்களையும் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எல்லாம் அத்துப்படி. "அதெல்லாம் என்ன சுகமான காலம்!" என்று பெருமூச்சு விடுவார். சுகமா? மனைவி சிரித்துவிடுவார்.

அந்தத் தெருக்களில் அவருக்கு 'மின்னல்' என்று பெயர். கடிதத்தைக் கொடுத்த கையோடு பறப்பார். சுறுசுறுப்பு என்று ஊர் மெச்சியது. வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார் என்பது மனைவிக்கும், கழிப்பறையைத் திறந்துவிட்ட நாலைந்து வீட்டாருக்கும்தான் தெரியும். மூன்றாம் தெருத் தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் பின்பக்கத்து விளக்கைப் போடுவார். அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் அவருக்குக் கண் கலங்கும்.

ஒரு வருடம் ரத்தமாகவே போயிற்று. மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். ஒரு மாதத்துக்குள் சரியாகாவிட்டால் தெருவை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கட்டும் என்று போஸ்ட் மாஸ்டர் கெடு வைத்தார். தெரு இல்லாமல் அவருக்கு உயிர் ஏது?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உங்க குடல்ல காவல்கார செல்லுங்க இருக்கு. கிருமி வந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்கு ரசாயனத்துல கடுதாசி போடும். உங்களுக்குக் கிருமியே வராம, 'எதிரி வந்தாச்சு'ன்னு கடுதாசி போகுது. அதை நம்பிப் படையே வந்து உங்க குடலைப் புண்ணாக்குது. இந்த ஊசி அந்தக் கடுதாசியை வழியிலயே மறிச்சிடும்."

கடைசி வாக்கியம்வரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

"மறிக்கிறதா? கடுதாசியையா?"

இருபத்தாறு வருடத்தில் ஒரு தபாலையும் நிறுத்தாதவர். மழையில் தன் சட்டையைக் கழற்றித் தபால் பைக்குப் போர்த்தியவர். தன் உடம்புக்குள்ளேயே அந்தப் பாவத்தைச் செய்வதா? முடியாது என்று வந்துவிட்டார். அசட்டுத்தனம்தான், ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி.

மனைவி கெஞ்சினார், திட்டினார், பேசாமலும் இருந்து பார்த்தார். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது, சாப்பாட்டைத் தொடாமல் தட்டைத் தள்ளியவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தந்தி கொண்டு போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருக்காதா? ஆஸ்பத்திரியில் மகன் இறந்துவிட்டான் என்று தந்தி. படுக்கை எண்ணை மாற்றிப் படித்த யாரோ அனுப்பியது. சாயங்காலம் மகன் முழுசாக வந்து நின்றான். அதற்குள் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போவார்.

"எழுதினவன் பொய்யா எழுதினா, கொண்டு போறவன் என்ன பண்ணுவான்? என் தப்பா அது?"

"தப்புன்னு யாரு சொன்னா? பொய்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்தம்மா கையில கொடுத்திருப்பீங்களா?"

அவர் குழந்தைபோல விம்மி விம்மி அழுதார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், ஊசியோடு வந்த நர்ஸ் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்துப் பதறினாள்.

"பயமா இருக்காய்யா?"

"இல்லம்மா, நீ போடு," என்றார். "இந்தத் தந்தியாவது அந்தம்மாவுக்குப் போய்ச் சேராம இருக்கட்டும்."