டயர் கடை என்று பதிந்திருந்த எண்

அப்பாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு டிபன் பாக்ஸால். அப்போது நான் பதினோராம் வகுப்பு. அம்மா மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டதால், அப்பா கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் சோறு வடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். போகிற வழியில் தெருமுனைக் குழாயடியில் நின்று ஒரு தடவை ஹாரன் அடிப்பார். நான் எழுந்துவிட்டேனா என்று கேட்பதற்கான ஹாரன் அது. அதற்கு முன்பே சோற்றைக் கலந்து அவர் டப்பாவை நான் கையில் கொடுத்து அனுப்பிய நாள்களும் உண்டு.

அன்று கொடுத்தது எலுமிச்சை சாதம். சாயங்காலம் கழுவ எடுத்தபோது டப்பா ஏற்கெனவே கழுவியிருந்தது. மூடியைத் திறந்தால் வறுத்து அரைத்த தேங்காயும் புளியும் சேர்ந்த ஒரு வாசனை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் குழம்பு வைப்பதில்லை. கேட்டதற்கு, கம்பெனி கேன்டீனில் கொடுத்தார்கள் என்றார். பஸ் டிரைவர்களுக்குக் கேன்டீனில் இடம் கிடையாது என்று அவரே போன மாதம்தான் குறைப்பட்டிருந்தார்.

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

அவர் தலைக்குச் சாயம் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையை வாரத்துக்கு இரண்டு முறை இஸ்திரிக்குக் கொடுத்தார். ஷிஃப்டு முடிந்து ஆள்களை இறக்கிவிட்டு மூன்றரைக்கு வரவேண்டியவர், புதன்கிழமைகளில் நாலரைக்கு வந்தார். வண்டி சர்வீஸ் என்றார். எந்த வண்டியை வாராவாரம் சர்வீஸுக்கு விடுவார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். நான் பத்தாவது முடித்தபோதே அவள் அப்பாவிடம் சண்டை போட்டிருந்தாள். பன்னிரண்டாவது வரை தள்ளிவிட்டு செல்போன் கம்பெனியில் சேர்த்துவிடு, பஸ் வாசலுக்கே வருது, ஊரில் எல்லாப் பெண்களும் அதில்தான் போகிறார்கள் என்பது அவள் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும், ஹாஸ்டலில் தங்கிப் படித்தால் இன்னும் நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் நான் அத்தை வீட்டில் அவரைக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"உங்கப்பன் ஏன் ஹாஸ்டல் ஹாஸ்டல்னு நிக்கிறான்னு நெனச்சிகினு கீற? உன்ன அனுப்பிட்டா வூடு காலியாவும். அதுக்கு ஆளு ரெடியா கீது. கூட்டு ரோட்டாண்ட அவன் வண்டி நிக்கிறத ஊரே பாக்குது."

அதுவரை அவர் என்னைப் படிக்கச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த நிமிடத்தில் எனக்கு வேறாகத் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் நல்ல பள்ளிக்கூடம் என்று அலைந்து சேர்த்தது, டியூஷன் முடியும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றது, மற்ற டிரைவர்கள் எல்லாம் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் போக இவர் மட்டும் சாயங்காலம் என் படிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் காலை ஷிஃப்டையே வாங்கிக்கொண்டது. எல்லாம் என்னைக் கூடிய சீக்கிரம் வெளியே அனுப்புவதற்கான ஏற்பாடாகப் பட்டது.

பன்னிரண்டாம் வகுப்பில், பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அப்பா காய்ச்சலில் படுத்தார். மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போனை எடுத்துப் பார்த்தேன். அடிக்கடி பேசியிருந்த எண் ஒன்று "டயர் கடை" என்ற பேரில் இருந்தது. கம்பெனி வண்டிக்கு டயர் மாற்றுவது கம்பெனியின் வேலை. கொல்லைப்புறம் போய் அந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரே ஒரு ரிங். ஒரு பெண் குரல், தெற்கத்திப் பேச்சில், எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டது:

"என்ன, இன்னைக்கும் சாப்பிட வரலியா? சோறு ஆறிட்டு."

நான் பேசவில்லை. அந்தப் பக்கம் இரண்டு தடவை "கேக்குதா?" என்றது. யார் அழைத்திருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முதலில் வைத்தது அவர்தான்.

அப்பா எழுந்ததும் போனை அவர் முன்னால் வைத்தேன். மூன்று நாளாகக் கஞ்சி மட்டும் குடித்த மனிதர் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அம்மா இடத்துக்கு யாராவது வந்தால் பரீட்சை எழுத மாட்டேன், நாளைக்கே அத்தையோடு போய்ச் செல்போன் கம்பெனியில் சேர்ந்துவிடுவேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. போனைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, அந்த எண்ணை அழித்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"யாரும் வரமாட்டாங்க. நீ எழுது."

அவ்வளவுதான் சொன்னார். நான் எழுதினேன். நல்ல மார்க் வந்தது. எலக்ட்ரானிக்ஸில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் மட்டும் சேரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு வருடமும் ஸ்ரீபெரும்புதூர் போய்க் கல்லூரி பஸ் பிடித்துப் படித்தேன். நான்கு வருடமும் அவரைக் காவல் காத்தேன். போனில் வந்த அழைப்புகளைப் பார்ப்பேன். டப்பாவை முகர்வேன். புதன்கிழமைகளில் கடைசி வகுப்பைக் கட் அடித்துவிட்டு மூன்றரைக்கு முன்னால் வீட்டில் இருப்பேன். அவர் சரியாக மூன்றரைக்கு வந்தார். தலைக்குச் சாயம் வைப்பதை நிறுத்திவிட்டார். ஒரே வருடத்தில் காதோரம் எல்லாம் வெளுத்துப்போயிற்று. அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை, ஜெயித்த மாதிரி இருந்தது. இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்படியும் முழுதாக நம்பிவிடவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு மனிதர் இருப்பதே ஏதோ மறைப்பதற்காகத்தான் என்று தோன்றும்.

படிப்பு முடிந்து ஒரகடத்திலேயே கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே நான் செய்த காரியம், அந்தக் குரலைத் தேடியது. எங்கள் லைனில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பெண்கள் நிறைய. ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். மூன்று மெஸ் சொன்னார்கள். முதல் இரண்டை நடத்தியது ஆண்கள். மூன்றாவது, கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், வாடகை அறைகளுக்குக் கீழே இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். கூட்டம் முடிந்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், துடைக்கிற துணியைக் கீழே வைத்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. எலெக்ட்ரானிக்ஸ்தானே முடிச்சீங்க?"

தண்ணீர் வைத்தார். நான் குடிக்கவில்லை. என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டிய போட்டோவில் ஒன்று அவரிடம் இருக்கிறது என்றார். அதோடு நிற்கவில்லை. என் மார்க் எல்லாம் சொன்னார். மூன்றாம் செமஸ்டரில் கணக்கில் நான் ஃபெயில் ஆனதையும், அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறியதையும் சொன்னார். அந்த ஃபெயிலை நான் அப்பாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

உடனே எனக்குள் பழையது கிளம்பிவிட்டது. அப்படியானால் அவர் வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியிருக்கிறார். எப்போது கடைசியாக வந்தார் என்று, சாட்சியை விசாரிக்கிற மாதிரி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நேரில் வந்து நாலரை வருடம் ஆகிறது என்றார். ரிசல்ட் வருகிற அன்று மட்டும் போன் வரும். பிரவுசிங் சென்டரில் என் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கூட ஓட்டுகிற இன்னொரு டிரைவரின் போனிலிருந்து பேசுவாராம். தன் போனை நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கணக்கில் போனதும் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்றேன். இவருக்கு என்னிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

"நீங்க கேட்டீங்க, சொல்லுதேன். நீங்க வரலைன்னா நானா வந்து சொல்லிருக்க மாட்டேன்" என்றார். துணியை எடுத்து மறுபடி பெஞ்சைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மீதியையும் சொன்னார். அவர் கணவர் இறந்தபின் அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்து மெஸ் போட்டவர். அப்பாவும் அவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொள்ள அப்போதே நாள் பார்த்துவிட்டிருந்தார்கள். என் பரீட்சை முடிந்ததும் என்னிடம் சொல்வதாக இருந்தார்கள்.

"நீங்க போன் பண்ணுன மறுநா வந்தாக. காய்ச்சல் விடல. உள்ள வாங்கன்னா வரல. வாசல்லயே நின்னு, எம்பொண்ணு படிக்க மாட்டேங்குது, அது படிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் வரமாட்டேன்னாக. நான் சரின்னுட்டேன். இப்பம் நீங்க வேலையில சேந்த அன்னைக்கும் போன் பண்ணுனாக. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும், நாம இப்பம் பண்ணிக்கிட்டா அவ கல்யாணத்துக்கு இடைஞ்சல்னாக. அதுக்கும் சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல?"

நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் அவர் சொன்னதில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. ஹாஸ்டல் விஷயம் மட்டும்தான் மிச்சம். அது உண்மையாகவே என் படிப்புக்குத்தானா, வீட்டைக் காலி செய்யத்தானா? அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் அவர் மறுநாளைக்கு யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸுக்குப் போனேன் என்றேன். ஊசி நின்றது.

"சாப்ட்டியா?" என்றார்.

இல்லை என்றேன். ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். அத்தை சொன்னதை முதல்தடவையாக அவரிடம் சொன்னேன். இத்தனை வருடமும் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அவர் முகத்தில் இறங்க நேரம் ஆயிற்று.

"டெய்லி ரெண்டு மணி நேரம் பஸ்ல தொங்கிகினு போவியே, அந்த நேரம் படிக்கலாமேன்னு சொன்னேன். வேற இன்னா?"

எனக்காகத்தான் அவரை விட்டாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் எரிச்சலோடு பதில் வந்தது.

"நீ படிக்காம கம்பெனி லைன்ல போய் நின்னா, நான் அங்க குந்திகினு குழம்பு ஊத்தித் தின்ன முடியுமா? எனக்கு எறங்குமா அது?"

அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. என் கல்யாணம் முடியட்டும் என்பதிலேயே நின்றார். எனக்கு அப்போது ஒரு வரன் வந்திருந்தது. காஞ்சிபுரத்துக் குடும்பம், பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் தள்ளிப்போட்டார். கடைசியில் நானே மெஸ்ஸுக்குப் போய், அந்தப் பெண்மணியை அக்கா என்று கூப்பிட்டு நாள் கேட்டேன். அவரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உங்க அத்தை என்ன சொல்லுவாக, மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாக என்று கேட்டுவிட்டு, எனக்குச் சோறு போட்டார். அன்று சாப்பிட்டேன்.

2015 ஆனி மாதம் வல்லக்கோட்டை கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். நானும், போன் கொடுத்து உதவிய அந்த டிரைவரும், அக்காவின் அண்ணன் குடும்பமும். அப்பா தலைக்குச் சாயம் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அத்தை வரவில்லை. பிறகு பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மெஸ்ஸை மூட முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால் பகலெல்லாம் அங்கே, சாயங்காலம் எங்கள் வீட்டில் என்று ஆயிற்று. முதல் சில வாரம் சமையலறையில் யார் எங்கே நிற்பது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினால் என் காது தானாக அந்தப் பக்கம் போகும். அந்தப் பழக்கம் லேசில் விடவில்லை.

ஆடி முடிவதற்குள் காஞ்சிபுரத்து வரன் நின்றுபோனது. ஜாதகத்தைக் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணத்தைத் தரகர் சொன்னார். அப்பா பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், காபி ஆறிக்கொண்டிருந்தது. தான் அவசரப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ, அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போயிருந்தால், அவர்களுக்குப் பயந்து இவர் மறுபடி ஒளிந்துதான் போன் பேசியிருப்பார் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நீ இல்லாவிட்டால் நான் படித்திருக்கமாட்டேன், இந்த வேலை, இந்தச் சம்பளம், எதுவும் எனக்கு இருந்திருக்காது என்று கடகடவென்று சொல்லி முடித்தேன்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இன்னா திடீர்னு? ஆபீஸ்ல எதுனா பிரச்சனையா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்து உள்ளே போனார். அடுப்படியில் அவர் தாழ்ந்த குரலில் அக்காவிடம், அதுக்கு இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் கேட்டுப் பாரு என்று சொல்வது வாசல் வரை கேட்டது.